முப்பத்தெட்டு ஆச்சு

கிரேஸின் காதுக்கு ஐம்பத்து மூன்று பேரைத் தெரியும். கண்ணுக்கு அவர்களில் ஒருவரைக்கூடத் தெரியாது. யார் பேசும்போது மூக்கை உறிஞ்சுவார், யார் ‘அதாவது’ என்று தொடங்கிச் சுற்றிச் சுற்றி மறுபடியும் ‘அதாவது’க்கே வந்து நிற்பார், மேலதிகாரி பேச்சு வந்ததும் யாருடைய குரல் இறங்கிப்போகும், எல்லாம் அத்துப்படி. பெயர் மட்டும் தெரியாது. ஆராய்ச்சிக்காகப் பேசியவர்களின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது விதி. அதனால் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாகப் பம்பு செய்துகொண்டிருக்கும் ஒரு மூத்த சூப்பர்வைசர், அவளைப் பொறுத்தவரை வெறும் ‘பதினேழாம் ஆள்’. நல்ல மனிதருக்குப் போய் நம்பரைப் பெயராக வைக்கிறார்களே என்று அந்த விதிமேல் அவளுக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அவள் வேலை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவில் இருக்கும் பேச்சை ஒரு சொல் விடாமல் கணினியில் எழுதுவது. தமிழில் பேசியிருந்தால் தமிழில், கன்னடத்தில் பேசியிருந்தால் கன்னடத்தில், நடுவில் உருது வந்தால் வந்தபடி. இருமினால் ‘இருமல்’ என்றும், செருமினால் ‘செருமல்’ என்றும் எழுத வேண்டும். இந்த வேலைக்கென்றே வாய்த்த காது அவளுக்கு. பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸில். அப்பா சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இயந்திரத்தை ஓட்டியவர். மணி எத்தனை முறை அடித்தால் என்ன பொருள் என்பது அந்த வீட்டில் குழந்தைகளுக்கே மனப்பாடம். ஒரு மணியைத் தப்பாகக் கேட்டால் கீழே நிற்கிறவன் உயிர் போய்விடும் என்று அவர் சோறு சாப்பிடும்போதுகூடச் சொல்வார்.

சுரங்கத்தை மூடியபோது கிரேஸுக்கு இருபது வயது. டைப்பிங் ஹையர் பாஸ் செய்த கையோடு பெங்களூர் வண்டியில் ஏறியவள், அமெரிக்க டாக்டர்கள் அவசர அவசரமாக முணுமுணுத்த நோயாளிக் குறிப்புகளை இருபது வருஷத்துக்கும் மேலாக எழுதினாள். பிறகு அந்தக் கம்பெனி வேலையை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு வேறொரு நாட்டுக்குக் கிளம்பிவிட்டது. கம்பெனிகள் எப்படி நாடு விட்டு நாடு போகின்றன என்று கிரேஸிடம் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள், சொல்லாமல் போகின்றன என்று. நல்லவேளையாக அந்த மெஷின்களுக்குப் பெங்களூர்த் தமிழ் பிடிபடவில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் நாற்பத்து நான்கு வயதில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மேலாண்மை ஆய்வு மையத்தில் இந்த வேலை கிடைத்தது.

அந்த மையத்தில் பேராசிரியை மைதிலி ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் பம்பு செய்யும் ஒரு பெரிய கம்பெனி ஐந்து நாடுகளில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. கம்பெனியின் பெயரும் ரகசியம்தான். தாள்களில் அது ‘ஆல்ஃபா நிறுவனம்’. தலைமையகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பம்பிலும் தண்ணீரை அழுத்தி ஏற்றி, பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்து, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை என்று தெரிந்த பிறகே பெட்டியில் போடுவார்கள். இந்த வழக்கம் கடல் தாண்டி மற்ற நாடுகளுக்குப் போனபோது உயிரோடு போய்ச் சேர்ந்ததா, காகிதத்தில் மட்டும் போய்ச் சேர்ந்ததா? இதுதான் மைதிலியின் கேள்வி. கம்பெனியின் இந்தியத் தொழிற்சாலை இருக்கும் பீன்யாவில் பேட்டிகள் எடுத்தார்கள். அது போதாதென்று, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஷிஃப்ட் தொடங்கும்போது நடக்கும் அறுபத்து நான்கு காலைக் கூட்டங்களையும் பதிவு செய்தார்கள்.

கிரேஸ் எழுதிக் கொடுப்பாள். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது தர்ஷினி, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுவது மைதிலி. கிரேஸ் எழுதியது அந்தப் பக்கம் போய் என்னவாகிறது என்று அவள் பார்த்ததே இல்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

ஆனால் பதினேழாம் ஆளின் ஒரு பேட்டி மட்டும் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆல்ஃபா கென்யாவில் ஆறாவது தொழிற்சாலை திறக்கப்போகிறது. அங்கே போய் வேலையைக் கற்றுக்கொடுத்து எல்லாவற்றையும் நிறுவும் பொறுப்பு, ஒன்று பீன்யாக்காரர்களுக்கு, இல்லையென்றால் போலந்துத் தொழிற்சாலைக்காரர்களுக்கு. பதினேழாம் ஆள் இரண்டு முறை செருமினார். மனதுக்குக் கஷ்டமான எதையும் சொல்வதற்கு முன்னால் அவருக்கு இரண்டு செருமல் வேண்டும். பிறகு சொன்னார்: “இருபத்திரண்டு வருசமா ஒவ்வொருத்தரா வந்து நமக்குக் கத்துக் குடுத்துட்டுப் போறாங்க மா. ஒரே ஒரு வாட்டி, நாம போய் யாருக்காவது கத்துக் குடுக்கணும். அவ்ளோதான்.” அதை எழுதிவிட்டு கிரேஸ் பதிவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டாள்.

ஒரு திங்கட்கிழமை. மாரிகுப்பத்திலிருந்து வரும் காலை வண்டியில் கிரேஸ் ஜன்னலோரம் இருக்கிறாள். பக்கத்தில் கணவர் டிரேவர். ஒயிட்ஃபீல்டில் இறங்கி ஒரு மெஷின் ஷாப்புக்குப் போகிறவர். போன் அடித்தது. மைதிலி.

“கிரேஸ், பதினேழாம் ஆளோட ரெண்டாவது பேட்டியை எனக்கு மெயில் பண்ணிடுங்க. பத்து மணிக்குள்ள அவசியம் வேணும்.”

“ஆச்சு மேடம்,” என்றாள் கிரேஸ்.

ஒன்பதரை மணிக்கு ஆபீஸுக்குள் காலை வைத்தால், மைதிலி முகம் சிவக்க நிற்கிறார். “எட்டு மணியிலேர்ந்து மெயிலைக் கிண்டிண்டு இருக்கேன் கிரேஸ்! ஸ்பேம்ல பார்த்தாச்சு, கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு அவரும் தேடியாச்சு. எங்க ஃபைலு?”

“இப்ப அனுப்புறேன் மேடம். பத்து மணிக்கு இன்னும் டைம் கீதே.”

“அப்போ அனுப்பாமலேயே ஆச்சுன்னு ஏன் சொன்னீங்க?”

“அனுப்புறேன்னுதானே சொன்னேன்?”

“ஆச்சுன்னு சொன்னீங்க.”

“ஆமா மேடம். ஆச்சுன்னுதான் சொன்னேன்.”

இருவர் சொல்வதும் சத்தியம். இருவருக்கும் எதிரில் இருப்பவர் புளுகுகிறார் என்று தோன்றியது. மேசையில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருந்த தர்ஷினி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “பீன்யா ஆளுங்க மாதிரியேங்க,” என்று முணுமுணுத்தாள்.

கிரேஸின் காதில் எது விழாமல் போகும்? “பீன்யா ஆளுங்க இன்னா பண்ணாங்க?”

தர்ஷினி சங்கடத்தோடு கட்டுரையின் வரைவைத் திருப்பிக் காட்டினாள். தான் எழுதிய பேச்சுக்கு ஆங்கிலத்தில் என்ன கதி ஆயிற்று என்று கிரேஸ் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒரு பட்டியல். முப்பத்தெட்டு வரிசை. காலைக் கூட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி மமதா (அவர் பேட்டி கொடுக்காதவர், அதனால் அவருக்கு மட்டும் பெயர் உண்டு) ஒரு வேலையைச் சொல்கிறார். ஆட்கள் ‘முடிந்துவிட்டது’ என்று பதில் சொல்கிறார்கள். சோதனை இயந்திரமே பதிந்து வைத்த நேரத்தைப் பார்த்தால், வேலை நடந்ததோ ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து. முப்பத்தெட்டும் அப்படியே. கீழே மைதிலியின் முடிவு: பீன்யாவில் தலைமையகத்தின் வழக்கம் சடங்காக மட்டுமே ஏற்கப்பட்டிருக்கிறது, செய்வதற்கு முன்பே செய்துவிட்டதாகச் சொல்லும் பழக்கம் அங்கே ஊறியிருக்கிறது.

கிரேஸ் தமிழைத் தேடிப் பார்த்தாள். முப்பத்தெட்டு இடத்திலும் ஒரே சொல். ‘ஆச்சு.’

“ஐயோ மேடம், இது பொய் இல்ல! இது ‘சரி’ மேடம், ‘சரி’!”

விஷயம் இவ்வளவுதான். கன்னடத்தில் யாராவது ஒரு வேலை சொன்னால், ‘சரி, செய்கிறேன்’ என்பதற்கு ‘ஆய்த்து’ என்பார்கள். சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘ஆயிற்று’. ஆனால் எதுவும் ஆகியிருக்காது, இனிமேல்தான் ஆகும். மூன்று தலைமுறையாக அந்த ‘ஆய்த்து’ நடுவிலேயே வாழ்ந்த தமிழர்கள் அதைத் தமிழாக்கி ‘ஆச்சு’ என்று வைத்துக்கொண்டார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த மைதிலிக்கும் கோயம்புத்தூர் தர்ஷினிக்கும் ஆச்சு என்றால் ஆகிவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, தங்கள் வாயில் இப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது. கிரேஸுக்கே அந்த நிமிடம் வரை தெரியாது; முப்பத்தெட்டு முறை தன் கையாலேயே எழுதியும் தெரியாது!

மைதிலி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டிருந்தது, அந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது, மோப்பம் பிடித்தவர்களின் முகத்தில் வருமே, அது. “கிரேஸ், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா இப்போதைக்கு அது உங்க அபிப்பிராயம். எனக்கு ஆதாரம் வேணும். அடுத்த புதன்கிழமை தலைமையகத்துலேர்ந்து மௌரீன் வராங்க. கென்யாவுக்கு யாரை அனுப்பறதுன்னு முடிவு பண்றவங்களே அவங்கதான். இந்தப் பட்டியலைப் பார்த்தா பீன்யாவை அடிச்சுட்டுப் போலந்துன்னு எழுதிடுவாங்க.”

“ஆதாரம்தானே மேடம்? ஆச்...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கொண்டாரேன் மேடம்.”

அந்த வாரம் கிரேஸுக்குப் பசி, தூக்கம், கால்வலி ஒன்றுமே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வண்டியிலேயே ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. டிரேவருக்கு விஷயத்தைச் சொன்னாள். அவருக்குக் கொண்டாட்டம். “நான் கேக்குறேன், நீ எழுதிக்கோ,” என்று எழுந்து, பெட்டி முழுக்க நடந்து, பழகிய முகத்திடம் எல்லாம் ஒரு வேலையை ஏவினார். “மகா, நாளைக்கு உன் ஸ்பேனர் செட்டைக் கொண்டாப்பா.” சீட்டுக்கட்டிலிருந்து தலை நிமிராமல் மகா சொன்னார்: “ஆச்சுண்ணா.” கிரேஸ் ஒரு கோடு போட்டாள். “ஏம்மா, சண்டே சர்ச்சுக்கு நம்ம வூட்டம்மாவுக்கு ஒரு சீட்டு புடிச்சு வை.” “ஆச்சுப்பா.” இன்னொரு கோடு. பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் பதினொரு கோடு. “இன்னாடா இது, நானும் இதைத்தான் சொல்லிகினு கீறேனா?” என்று டிரேவர் தலையைச் சொறிந்துகொண்டார். அன்று கோடுகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்ததில் கிரேஸ் தான் இறங்க வேண்டிய கண்டோன்மென்ட் ஸ்டேஷனைக் கோட்டைவிட்டாள். சிட்டி ஸ்டேஷன் வரை போய், மெட்ரோ பிடித்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

ஆனால் ரயில் பெட்டி சாட்சியாகாது என்று அவளுக்கே தெரியும். பீன்யா ஆட்களின் வாயிலிருந்தே வர வேண்டும். அறுபத்து நான்கு பதிவுகளையும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். இம்முறை எழுதுவதற்காக அல்ல. ஒரே ஒரு கேள்வியோடு. ஆச்சு என்றால் ‘சரி’ என்றால், உண்மையிலேயே வேலை முடிந்திருக்கும்போது இவர்கள் என்ன சொல்கிறார்கள்?

புதன்கிழமை மதியம், இருபத்தொன்றாம் பதிவில், விடை கிடைத்தது. மமதா வேலை சொல்லவில்லை; கேட்கிறார், “பிரஷர் டெஸ்ட் முடிஞ்சுதா?” என்று. பதில் வருகிறது: “ஆயிடுச்சு மா.”

கிரேஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். ஆயிடுச்சு! வேலை சொன்னால் ஆச்சு. முடிந்ததா என்று கேட்டால் ஆயிடுச்சு. நடுவில் இருப்பது இரண்டே இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்துக்குள் மொத்த பீன்யாவின் மானம் இருந்தது. “தர்ஷினி! தர்ஷினி, இங்க வா!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தர்ஷினி ஓடி வந்து ஒரு காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள். “ஐயையோ அக்கா, ரெண்டையும் நான் ஒரே மாதிரித்தானுங்க எழுதி வெச்சிருக்கேன்!” அதுவரை ‘கிரேஸ் மேடம்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து அக்கா என்றாள்.

மைதிலி சும்மா நம்புகிற ஆள் இல்லை. கிரேஸ் துண்டு துண்டாக வெட்டி எடுத்த தொண்ணூறு பதிவுகளையும் கலைத்துப் போட்டு, இயந்திரத்தின் நேரக் குறிப்பைக் காட்டாமல், தர்ஷினியைத் தனியாக உட்கார வைத்தார். எது ஏவலுக்குப் பதில், எது கேள்விக்குப் பதில் என்று அவள் தானாகப் பிரிக்க வேண்டும். கிரேஸ் பிரித்ததோடு எண்பத்தெட்டு ஒத்துப்போனது. மிச்சம் இரண்டிலும் பின்னால் லாரி ஹாரன் அடித்திருந்தது. “ஒத்துப்போறதே, இப்படி ஒத்துப்போறதே!” என்று மைதிலி மேசையைத் தட்டினார். ஆச்சு முப்பத்தெட்டு. ஆயிடுச்சு ஐம்பத்திரண்டு. இனி ஒரே வேலைதான் பாக்கி. ஐம்பத்திரண்டு ஆயிடுச்சுவையும் இயந்திரத்தின் நேரத்தோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு முன்பே வேலை முடிந்திருந்தால், பீன்யாக்காரர்கள் சத்தியவான்கள்.

வெள்ளிக்கிழமை காலை கிரேஸ் அதற்கு உட்கார்ந்தாள். ஒன்று சரி. இரண்டு சரி. பத்து சரி. இருபது சரி. முப்பதைத் தாண்டியதும் ஆபீஸில் இருக்கிறோம் என்பதையே மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். ஐம்பத்தொன்று சரி.

நாற்பத்து மூன்றாம் நாள் பதிவு மட்டும் சரியில்லை. மமதா கேட்கிறார்: “மூணாவது மெஷின்ல டெஸ்ட் முடிஞ்சுதா?” ஒரு செருமல். இன்னொரு செருமல். “ஆயிடுச்சு மா.” இயந்திரம் சொல்கிறது, சோதனை நடந்தது நாற்பது நிமிடம் கழித்து.

அந்தக் குரல் யாருடையது என்று அவள் எந்தத் தாளையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

சே, நீங்களா, என்று கிரேஸுக்கு வாய்விட்டே வந்துவிட்டது. சண்டை போட்டது யாருக்காக? ஐம்பத்து மூன்று பேரில் வேறு யாராவது அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாதா? அழுகையே வரும் போலிருந்தது. அந்த வரிசையின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு விசை அழுத்தினால் போதும். ஐம்பத்திரண்டு ஐம்பத்தொன்றாகிவிடும், ஐம்பத்தொன்றும் சுத்தமாக இருக்கும். லாரி ஹாரனில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் கேட்பவர் இல்லை. அந்தப் பதிவை இயந்திரத்தின் நேரத்தோடு வைத்துப் பார்க்கப்போகிற ஆள் இந்த உலகத்தில் அவளைத் தவிர வேறு கிடையாது.

மாலை வண்டியில் டிரேவரிடம் சொன்னாள். “நீயா வாயைத் தொறக்காட்டி யாருக்குத் தெரியும்?” என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. மனைவி முகம் வாடினால் தாங்காதவர், அவ்வளவுதான்.

“தெரியாது. ஆனா புதன்கிழமை அந்தம்மா ‘எல்லாத்தையும் பார்த்தாச்சா?’ன்னு கேப்பாங்க இல்ல. நான் ‘ஆயிடுச்சு’ன்னு சொல்லணும். அப்ப யாருய்யா பொய் சொல்றது?”

டிரேவர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினார்.

சனிக்கிழமை கிரேஸ் பட்டியலை மைதிலியிடம் கொடுத்தாள். ஐம்பத்திரண்டு வரிசை, ஒன்றின் எதிரே சிவப்பு. மைதிலி அந்தச் சிவப்பின்மேல் விரலை வைத்துச் சொன்னார்: “இதை எடுத்திருந்தீங்கன்னா நான் மொத்தத்தையும் சந்தேகப்பட்டிருப்பேன் கிரேஸ். அம்பத்தொண்ணுக்கு அம்பத்தொண்ணுன்னு மனுஷா எங்கயும் இருக்கறதில்லை.” பிறகு கட்டுரையின் பழைய முடிவை, எட்டு மாத உழைப்பை, அப்படியே அழித்தார். அழிக்கும்போது அந்த அம்மாள் முகத்தில் வருத்தமே இல்லை. பள்ளிக்கூடத்துப் பெண் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு வரி எழுதினார்: வழக்கம் கடல் தாண்டிப் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது, திரும்பிப் போகும் வழியில் காணாமல் போனது ஒரு சொல். “கம்பெனிக்காரன் அங்கேர்ந்து கொண்டுவரதையே இத்தனை வருஷமா எல்லாரும் ஆராய்ச்சி பண்ணிண்டு இருக்கோம். இங்கேர்ந்து போற பதிலை எவனாவது காது குடுத்துக் கேட்டானா? புதன்கிழமை நீங்கதான் பேசறீங்க.”

“நானா? நான் டைப் பண்றவ மேடம்!”

“கண்டுபிடிச்சது யாரு?”

புதன்கிழமை அரங்கில் முப்பது பேர். முன்வரிசையில் மௌரீன், நரைத்த குட்டை முடியோடு, நோட்டும் பேனாவுமாக. பின்வரிசைகளில் பீன்யாவிலிருந்து மமதாவும் ஏழெட்டு சூப்பர்வைசர்களும், நீலச் சட்டையில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிரேஸ் மேடை ஏறினாள். முதல் பதிவை ஓடவிட்டதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த வேலை அது. ஆச்சு ஒன்றைக் கேட்க வைத்தாள், ஆயிடுச்சு ஒன்றைக் கேட்க வைத்தாள். அமெரிக்க டாக்டர்களிடம் கற்ற ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னாள்: இது ‘செய்கிறேன்’. இது ‘செய்துவிட்டேன்’. நீங்கள் தலைமையக அறிக்கையில் இரண்டுக்கும் ‘முடிந்தது’ என்று ஒரே பெட்டியில் டிக் போட்டீர்கள். நாங்களும் அதே தப்பைச் செய்தோம். பின்வரிசையில் ஒரே சலசலப்பு. “அட, ஆமாம்பா!” என்று யாரோ தன் தொடையைத் தட்டிக்கொண்டார். “நான் யாவத்தும், என்னிக்குமே, தப்பாவே புரிஞ்சுக்கலையே!” என்று மமதா கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தார். மௌரீன் எழுதுவதை நிறுத்திவிட்டு, இரண்டு சொற்களையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

பிறகு கிரேஸ் கடைசிப் பட்டியலைக் காட்டினாள். ஐம்பத்தொன்று பச்சை, ஒன்று சிவப்பு.

மௌரீன் உடனே சிவப்பைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒன்று என்ன? யார்?

“அது யாருன்னு சொல்ல மாட்டோம்,” என்று மைதிலி ஆங்கிலத்தில் உறுதியாகச் சொன்னார். “அவங்களுக்குக் கொடுத்த வாக்கு.”

மௌரீன் நோட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். அப்போது பின்வரிசையில் ஒரு செருமல் கேட்டது.

கிரேஸுக்கு வேண்டாம், வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது. இரண்டாவது செருமலும் கேட்டது.

“அது நான்தாங்க,” என்று எழுந்து நின்றார் ஒருவர். கிரேஸ் மனதுக்குள் உயரமான ஆளாக வைத்திருந்தாள். குட்டையாக, கனத்த கண்ணாடியோடு, சட்டைப் பையில் டயர் அழுத்தம் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன மீட்டரோடு நின்றார். “என் பேரு சுப்பராயன். அன்னைக்கு மூணாவது மெஷின்ல வால்வு லீக்கு. கழட்டிப் போட்டு ரிப்பேர் பண்ணினு இருந்தோம். இந்த மேடம்தான் ஃபாரின்ல இருந்து வந்து மமதா மேடம் பக்கத்துல நின்னுனு இருந்தாங்க. நம்ம லைனு நின்னு கிடக்குதுன்னு அவங்க எதிர்ல சொல்ல வெக்கமா போச்சு. ஆயிடுச்சுன்னு சொல்லிட்டேன். அப்பறம் டெஸ்ட் பண்ணிட்டுதான் பெட்டில போட்டேன், அது மெஷின்லயே இருக்கும். ஆனா சொன்னது பொய்தான். மத்தவங்க யாரும் சொல்லல. அவங்களை அனுப்புங்க.”

தர்ஷினி மொழிபெயர்க்க எழுந்தாள், பிறகு கிரேஸைப் பார்த்துக் கையைக் காட்டினாள். கிரேஸ்தான் சொன்னாள். ‘வெக்கமா போச்சு’ என்பதை முழுசாகச் சொன்னாள். ‘அவங்களை அனுப்புங்க’ என்பதையும் விடாமல் சொன்னாள். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. செருமல் இரண்டையும் மட்டும் சொல்லவில்லை.

மௌரீன் பேனாவை மூடினார். சுப்பராயனைப் பார்த்து நேராகக் கேட்டார், கிரேஸ் தமிழில் சொன்னாள்: “நான் ஊருக்குப் போய் பீன்யாதான்னு சொல்லிட்டா, மார்ச் மாசத்துக்குள்ள உங்க தலைமையில எட்டுப் பேரு ரெடியா இருக்க முடியுமான்னு கேக்குறாங்கண்ணா.”

சுப்பராயனுக்குக் கண்ணாடிக்குள் கண் கலங்கிவிட்டது. இம்முறை செருமவில்லை. “ஆச்சு மா!” என்றார்.

கிரேஸ் மொழிபெயர்க்கத் திரும்பினாள். மௌரீன் கையை நீட்டி அவளை நிறுத்தினார். நோட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி எடுத்து, அந்த வெளிநாட்டு நாக்கால் கேட்டார்: “ஆச்சு? ஆயிடுச்சு?”

அரங்கமே சிரித்தது. சுப்பராயன் இரண்டு கையையும் கூப்பினார்.

“ஆச்சு மேடம். ஆயிடுச்சுன்னு மார்ச்சுல சொல்றேன்.”